உள்ளேன் ஐயா



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்திய குடும்பத்தார் என்னைப் பேச அழைக்க வந்தபோது ஒன்றைச் சொன்னார்கள். "கொரோனாவைப் பத்தி எல்லாரும் பேசி முடிச்சிட்டாங்க சார். மூடுன பள்ளிக்கூடத்தை எப்படித் திறந்தீங்க, அதை மட்டும் சொல்லுங்க." நாற்பத்தைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பீரியட். வாத்தியாருக்குப் பழகின அளவுதான். மணி அடித்ததும் நிறுத்திவிடுவேன்.

முதலில் என் சொந்தக் கணக்கு. 2020 மே 31 அன்று, 58 வயதில், நான் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். சால்வை, மாலை, குரூப் போட்டோ எல்லாவற்றுக்கும் மனசைத் தயார் செய்து வைத்திருந்தேன். மே 7-ஆம் தேதி அரசாங்கம் ஓய்வு வயதை 59 ஆக்கியது. மறு ஆண்டு பிப்ரவரி 25-ல் 60 ஆக்கியது. அதே நாளில்தான் 9, 10, 11 வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் தேர்ச்சி என்ற அறிவிப்பும் வந்தது. என் மனைவி சொன்னாள்: "உங்களுக்கும் சேர்த்துத்தான் ஆல் பாஸ் போட்டிருக்காக." ஆக எனக்கு இரண்டு வருஷம் இனாமாகக் கிடைத்தது. அந்த இரண்டில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, கடைசியில் பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியராக இருந்தவன் நான். ஓட்டப்பிடாரம் ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப்பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் நான் பேசப்போகிற பிள்ளைகளை நீங்கள் அடையாளம் கண்டுவிடுவீர்கள்.

2020 மார்ச் மாத நடுவில் மூடினோம். 10, 12 வகுப்புகளை 2021 ஜனவரி 19-ல் திறந்தார்கள். பிப்ரவரி 8-ல் 9-ம் 11-ம் வந்தன. மார்ச்சில் அவற்றை மறுபடி மூடினார்கள். செப்டம்பர் 1-ல் 9 முதல் 12 வரை மீண்டும் திறந்தன. எங்களைப் போன்ற சின்னப் பள்ளிகளுக்கு, ஒன்று முதல் எட்டு வரை, கதவு திறந்தது 2021 நவம்பர் 1, திங்கட்கிழமை. ஏறத்தாழ பத்தொன்பது மாதம். கைப்பிள்ளை எழுந்து நடந்து, பேசவும் பழகிவிடுகிற காலம் அது.

இடைப்பட்ட காலத்தில் பாடமே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். கல்வித் தொலைக்காட்சி இருந்தது. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிய அலைவரிசை. நோய் வந்தபின் வகுப்புவாரியாகப் பாடம் ஒளிபரப்பானது. நன்றாகவே நடத்தினார்கள். சில பாடங்களைப் பார்த்து, நாம் இப்படி நடத்தியதில்லையே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் பகலில் டிவி போட ஆள் இல்லை. பெரியவர்கள் காட்டுக்குப் போயிருப்பார்கள். வீட்டில் இருக்கிற பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ளும். வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினோம். வீட்டுக்கு ஒரு போன். அது அப்பாவின் சட்டைப்பையில் தூத்துக்குடிக்கோ கோவில்பட்டிக்கோ வேலைக்குப் போய்விடும். ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வந்தபின், கண்மாய்க் கரை மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல். காற்றாலை நிற்கிற காட்டில் சிக்னல் இல்லை என்பது வேடிக்கை. சாமி கும்பிடுகிற மாதிரி போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை கரையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

டிவியில் வருகிற ஆசிரியர் பெயர் கூப்பிட மாட்டார். அங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அவருக்குத் தெரியாது. தொலைவுக் கல்வியின் குறைகளைப் பற்றிப் பெரிய பெரிய அறிக்கைகள் வந்துவிட்டன. எனக்குத் தெரிந்த குறை இந்த ஒன்றுதான்.

வருகைப் பதிவேட்டுக்கு வருகிறேன். பொதுவாக அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் 2020-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்து செய்தபோது, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 விழுக்காடும், வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுத்துத்தான் மதிப்பெண் போட்டார்கள். காலையில் ஒரு கோடு, மத்தியானம் ஒரு குறுக்குக்கோடு என்று போட்டுக்கொண்டு வந்த நோட்டு, முதல் தடவையாகச் சான்றிதழில் ஏறியது. பிள்ளை வந்து உட்கார்ந்ததற்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் அது. அடுத்த வருஷம் வந்து உட்காரவே இடமில்லை. பெயர் மட்டும் வகுப்பு வகுப்பாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

2021 அக்டோபரில் பள்ளியைத் திறக்க ஆயத்தம் செய்தோம். சுற்றுச்சுவருக்குள் உடைமரம் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. கழிப்பறைக்குள் குளவிக்கூடு. தண்ணீர்த் தொட்டியில் என்ன இருந்தது என்று இந்த மேடையில் சொல்ல மாட்டேன். பெரிய வேலை கதவுகள்தாம். கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். அதன் மேல் கட்டிய கட்டடமும் அதோடு சேர்ந்து மூச்சு விடும். தினமும் திறந்து மூடுகிற கதவு அதற்கேற்ப வளைந்து கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டு கோடை, ஒரு மழை முழுக்கப் பூட்டியே கிடந்த கதவு நிலையோடு இறுகிவிட்டது. மூன்றாம் வகுப்பின் கதவுக்குச் சாவி சுற்றுகிறது, கதவு அசையவில்லை. ஆசாரியைக் கூட்டிவந்தோம். அவர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "கதவைச் சீவணும் சார், இல்லாட்டி நிலையைப் பேக்கணும். ரெண்டுல எது?" என்று கேட்டார். சீவச் சொன்னேன்.

மேலிருந்து வந்த குறிப்புகளில் எல்லாம் இருந்தது. காய்ச்சல் பார்க்கிற கருவி, கை கழுவ சோப்பு, முகக்கவசம், இடைவெளி விட்டு உட்கார வைப்பது, பெற்றோரின் சம்மதக் கடிதம். குறை சொல்லவில்லை, அன்றைக்கு எல்லாம் தேவைதான். எடுத்த எடுப்பில் பாடத்தைத் தொடங்காதீர்கள், கதை சொல்லுங்கள், பாட விடுங்கள், படம் வரையச் சொல்லுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். என் பணிக்காலத்தில் இத்தனை அறிவான அறிவுரை அடிக்கடி வந்ததில்லை.

நவம்பர் 1 என்றால் தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால். தீபாவளி கழித்துத் திறந்தால் என்ன என்று ஊரில் கேட்டார்கள். அதைவிடப் பெரிய கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மானாவாரிக் காட்டில் ஐப்பசி மாதம் உளுந்துக்கும் பாசிக்கும் களை எடுக்கிற நேரம். அம்மா களை எடுக்கப் போனால் மூத்த பெண்பிள்ளை வீட்டில் இருந்தாக வேண்டும். கரிசலில் எந்த நாளில் எதைத் திறந்தாலும் அது ஒரு வேலையின் குறுக்கே போய்த்தான் விழும். ஆவணியில் உழவு, ஐப்பசியில் களை, தையில் அறுப்பு, அப்புறம் மிளகாய் பறிப்பு. கடலோரம் போனால் கோடையில் உப்பளம். இந்தக் காலண்டரைத் தெரியாமல் இங்கே பள்ளிக்கூடம் நடத்த முடியாது. நாங்கள் வீடு வீடாகப் போனது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிய சாக்கில், பிள்ளை பகலில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டோம்.

அப்படிப் போனபோதுதான் என் பீரோவில் இருந்த காகிதக் கட்டின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்தவன் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு உயர்நிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். நாம் டி.சி. என்போம். 2020-ல் எட்டு முடித்தவர்களுக்கும் 2021-ல் முடித்தவர்களுக்கும் டி.சி. எழுதி வைத்தேன். சிலர் வந்து வாங்கவில்லை. ஊரடங்கு, பஸ் இல்லை, அப்புறம் வருவார்கள் என்று நானும் இருந்துவிட்டேன். இது என் பிழை. வேறு யார் மேலும் போட மாட்டேன். வாங்காத டி.சி. என்பது என்ன? என் பதிவேட்டில் பெயரை அடித்தாயிற்று, ஏனென்றால் எட்டு முடித்தாயிற்று. அடுத்த பள்ளியின் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை, ஏனென்றால் போய்ச் சேரவில்லை. இரண்டு நோட்டுக்கும் நடுவில் ஒரு பையன் காணாமல் போனான். இரண்டு பள்ளியின் கணக்கும் சரியாக இருக்கிறது.

ஒருவனைத் தேடிப் போனேன். ஊருக்கு மேற்கே கரிமூட்டம் போடுகிற இடத்தில் இருந்தான். இளைஞர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். உடைமரத்தை வெட்டித் துண்டு போட்டு, கூம்பாக அடுக்கி, மேலே ஈர மண்ணைப் பூசி, உள்ளே தீயைப் போட்டுப் புகைய விடுவது. நாள்கணக்கில் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் கரி சாம்பலாகிவிடும். வெடிப்பு விழுகிற இடத்தை உடனே மண்ணால் மெழுகுவதுதான் அவன் வேலை. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வகுப்பில் நிற்கிற மாதிரியே நின்றான்.

"என்னடா, பள்ளிக்கூடம் தொறந்தாச்சே?"

"தெரியும் சார்."

"அப்புறம்?"

"எல்லாம் மறந்துபோச்சு சார். இப்பப் போயி உக்காந்தா சின்னப் பயலுக சிரிப்பானுக."

அவன் அப்பா கொஞ்சம் தள்ளி நின்றார். "நான் தடுக்கல சார். அவன் போறேன்னா போகட்டும்" என்றார். ஆனால் பையனின் கூலி எவ்வளவு என்று நான் கேட்காமலே சொன்னார். அந்தத் தொகையைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது பெருமை. பதினைந்து வயசுப் பையன் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுகிறான். அதை விட்டுவிட்டு வாடா, உனக்குப் பின்னம் சொல்லித்தருகிறேன் என்று கூப்பிட எனக்கு என்ன யோக்கியதை?

இந்த மண்ணுக்கு இது புதிதில்லை. 1980-களில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, விடியாத இருட்டில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஊருக்குள் வரும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு ஏறும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கமெல்லாம் இதே கதை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. அந்த வண்டியை நிறுத்தியது சட்டம் மட்டுமா? அப்புறம் வந்த எந்திரம், மதியச் சாப்பாடு, விடாமல் போய்ப் பேசிய ஆட்கள், படித்து வேலைக்குப் போன முதல் தலைமுறையைக் கண்ணால் பார்த்தது என்று எல்லாம் சேர்ந்துதான் நிறுத்தின. அதற்கே ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. வண்டியிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாக இறக்கின அந்த வேலையை, பத்தொன்பது மாதம் அவிழ்த்துப் போட்டுவிட்டது.

ஓட்டப்பிடாரத்தில் நின்று பேசுகிறவன் வ.உ.சி.யைச் சொல்லாமல் இறங்க முடியாது. சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. 1908-ல் தண்டிக்கப்பட்டு, 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்தார். கதவு திறந்துவிட்டது. ஆனால் வக்கீல் உரிமம் போயிருந்தது, கப்பல் போயிருந்தது, வாசலில் காத்திருக்க வேண்டிய கூட்டம் வரவில்லை. மளிகைக் கடை வைத்துப் பார்த்தார். உரிமம் திரும்பக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. வாங்கிக் கொடுத்த நீதிபதி வாலஸின் பெயரைத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று வைத்தார் அந்த மனிதர். அப்புறம் வக்கீலாக உட்கார்ந்தது நம் கோவில்பட்டியில். சிறைக்கதவைத் திறந்தவர்கள் ஒரே நாளில் திறந்துவிட்டார்கள். திரும்பக் கூப்பிட்டு ஒரு நாற்காலியில் உட்கார வைக்க ஒரு வாலஸ் வேண்டியிருந்தது. 2021 செப்டம்பர் 1-ல் உயர்நிலைப்பள்ளிகள் திறந்தன. நாலு நாள் கழித்து, செப்டம்பர் 5, அவருடைய 150-வது பிறந்த ஆண்டு தொடங்கியது. மாலை போட்ட கூட்டத்தில் நின்றபோது என் மனதில் ஓடியது பீரோவில் கிடந்த டி.சி.க் கட்டு.

அந்தக் கரிமூட்டத்துப் பையனை எப்படியோ பேசிக் கூட்டிப்போய்ப் பத்தாம் வகுப்பில் உட்கார வைத்தோம். மூன்று வாரம் போனான். நான்காவது வாரம் போகவில்லை. அங்கே இருந்த ஆசிரியர்கள் நல்லவர்கள். அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பார்க்காமலே பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தவனுக்குப் புத்தாக்கப் பயிற்சிக் கட்டகம் என்று ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதைப் படிக்கவே ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளின் கதை வேறு. அங்கே கொஞ்சம் சந்தோஷமாகவே பேசலாம். 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கி வைத்தார். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, சாயங்காலம் ஒன்று ஒன்றரை மணி நேரம், ஊருக்குள்ளேயே ஒரு தன்னார்வலர், சுமார் இருபது பிள்ளைகள். மாதம் 1,000 ரூபாய். எங்கள் ஊருக்கு வந்த பெண், பி.எட். முடித்துவிட்டு வாக்கப்பட்டு வந்து மாமியார் வீட்டில் இருந்தவள். காளியம்மன் கோயில் திண்ணையில் வகுப்பு. முதல் வாரம் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் பேரப்பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னதைக் கேட்டு, அந்தம்மாவே விளக்கைத் துடைத்து வைத்தது.

எனக்கு அதைப் பார்க்கையில் அறிவொளி ஞாபகம் வந்தது. 1990-களில் இந்தப் பக்கம் முழுக்க அறிவொளி இயக்கம் நடந்தபோது தெருவிளக்கின் கீழே தாய்மார்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த தொண்டர்களில் நானும் ஒருவன். களை எடுத்துவிட்டு வந்த கையில் பல்பத்தைப் பிடிக்கத் தெரியாது. பிடிக்கத் தெரிந்த நாளில் அழுவார்கள். நெல்லைப் பக்கத்து அனுபவத்தை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' என்ற புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அன்று அம்மாக்களைத் தேடிப் போன அதே நேரம், அதே தெரு. இந்தத் தடவை பேரப்பிள்ளைகள்.

இந்த மாலை வகுப்பால் உபயோகம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வு இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019-ல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். 2021 டிசம்பரில் பார்த்தபோது பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் பட்ட அடி மொழியில் பட்டதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அப்படித் திரும்பியதில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்த மாலை வகுப்பால் வந்தது என்று கணக்கிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அடி அதிகம்; எழுந்ததும் அவர்கள்தான் வேகமாக. வாத்தியார் வேலை பார்த்த காலமெல்லாம் இப்படி ஒரு நல்ல செய்தியை நான் படித்ததில்லை.

ஒரு சின்ன மனத்தாங்கல் மட்டும். அந்தக் கணக்கு தொடக்கப்பள்ளி வயசுப் பிள்ளைகளைப் பற்றியது. கரிமூட்டத்துக்குப் பக்கத்தில் நின்றவன் அதில் இல்லை. அதற்கு ஆய்வாளர்களைக் குறை சொல்ல முடியாது. என் பதிவேட்டிலேயே அவன் இல்லையே.

இனி முதல் நாள் காலை. ஆசிரியர் பற்றாக்குறையில் இரண்டாம் வகுப்பையும் நானே பார்த்தேன். 2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் ஏறி, ஒரு நாள் கூட வகுப்பில் உட்காராமல் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகள். பதிவேட்டைத் திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டேன். நாகரிகமான, நீளமான பெயர். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவன் எழுந்து, "சார், அது பாப்பா சார்" என்றான்.

"உன் பேர் என்னம்மா?"

"பாப்பா."

ஏழு வயசு. தனக்கு இன்னொரு பெயர் இருப்பது அதற்குத் தெரியாது. வீட்டில் கூப்பிட அவசியம் வந்ததில்லை. பாடத்தைத் தொடங்காதீர்கள் என்று மேலே சொன்னது எவ்வளவு சரி. அந்த வாரம் முழுக்க நாங்கள் நடத்திய பாடம் அவரவர் பெயர். கூப்பிட்டால் எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்வது. தீபாவளி வந்தது, அப்புறம் அடைமழை பிடித்துக்கொண்டது. அந்த நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். 25-ஆம் தேதி தூத்துக்குடியே மிதந்தது. திறந்த மாதத்திலேயே மழை விடுமுறை. விடுமுறை முடிந்து வந்த நாளில் பதிவேட்டைத் திறந்தேன். முதல் பெயருக்கு "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல். இரண்டாவது பெயருக்கும் அதே குரல். மூன்றாவதுக்கும். பாப்பாவுக்கு அந்தச் சொல் பிடித்துப் போய்விட்டது. யார் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்து நின்று சொல்கிறது, வராதவர்களுக்கும் சேர்த்து. மற்ற பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க அதற்கு இன்னும் குஷி. வருகையைப் பதியச் செயலி ஒன்று வேறு இருந்தது. அதற்குச் சிக்னல் தேடி நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்க வேண்டும். அங்கே நின்றாலும் அந்தக் குரல் கேட்டது.

2022 மே 31-ல் ஓய்வு பெற்றேன். பொறுப்பு ஒப்படைக்கிறபோது சாமான் பட்டியலை வாசித்துச் சரிபார்ப்பது வழக்கம். பெஞ்சு, பீரோ, தராசு, உலக உருண்டை. அதோடு, பெறப்படாத மாற்றுச் சான்றிதழ்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். எனக்குப் பின் வந்த தலைமையாசிரியை, வயதில் இளையவர், "இதையெல்லாமா சார் லிஸ்டுல போடுவாங்க?" என்றார். போடுங்கம்மா என்றேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, எங்கே இருக்கிறான், என்ன வேலை, யார் போன் நம்பர் என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இரண்டு பேரை மறுபடி கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். என்னால் முடியாதது.

போன வருஷம் அவர் போன் பண்ணினார். கரிமூட்டத்துப் பையன் வந்தானாம். லைசென்ஸ் எடுக்க வயசுக்குச் சான்று வேண்டும், ஜே.சி.பி. ஓட்டப் போகிறான். டி.சி.யைக் கொடுத்துவிட்டேன் சார், நீங்க எழுதினதுதான், மை கூட மங்கல என்றார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய், அந்த அடிக்கட்டையை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்த இடத்துக்குக் கீழே கையெழுத்து. முதல் எழுத்து வட்டமாக, அழுத்தமாக, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே இருந்தது. அதற்கப்புறம் ஒரு நீண்ட கோடு.

மணி அடித்துவிட்டார்கள்.